இருபத்து நான்கில் ஒன்பது

இந்தக் குளிருக்கு எதுக்குடி பிரிட்ஜ் என்று
பக்கத்துக் காம்பரா கனகாம்பரி சிரித்தாள்.
உண்மைதான். எங்கள் மேல் பிரிவில்
சன்னலோரம் வைத்த பால்
மறுநாள் வரைக்கும் கெடாது.

ஆனாலும் வாங்கினேன்.
கார்மன்ட்ஸில் ஆறு வருடம்
சட்டைக்குக் கழுத்துப்பட்டி தைத்தவள் நான்.
நாளுக்கு எண்ணூறு கழுத்து,
அதில் ஒன்றுகூட எங்கள் வீட்டுக் கழுத்தில்லை.
திறந்ததும் எரிகிற அந்தச் சின்ன பல்ப்
எனக்கென்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.
மாதம் ஆறாயிரத்து எண்ணூற்றைம்பது,
இருபத்து நான்கு மாதம்.
கையெழுத்துப் போட்ட பேனாவை
வச்சுக்குங்க மிஸ் என்றார் தலவாக்கலை ஷோரூம்காரர்.

ஒன்பது கட்டினேன்.
பத்தாவது மாதம் ஒரு செவ்வாய்,
தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால்
மெஷின் ஓடவில்லை.
கரண்ட் போயிருக்கும் என்றுதான் நினைத்தோம்.
தலைக்கு மேலே பல்புகள் எரிந்துகொண்டிருந்தன.
ஓர்டர் இல்லையாம்.
சொன்ன ஒபிஸ் மிஸ்ஸும்
பேசிக்கொண்டே தன் லாச்சியைக் காலி செய்தாள்.

தோடு அடகுக்குப் போனது.
துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி செருகினேன்.
கனகாம்பரியிடம் மூவாயிரம் கேட்டேன்.
இந்த முறை அவள் சிரிக்கவில்லை,
அதுதான் சுட்டது.
அப்புறம் வியாழக்கிழமைக் குழு லோன் எடுத்து
பிரிட்ஜ் தவணை கட்டினேன்.
முன்பக்கத்துக் கிழிசலுக்கு
முதுகுப்பக்கத்தில் துணி வெட்டுவது எப்படியென்று
தைக்கிறவளுக்கா தெரியாது?

கரண்ட் பில் சிவப்பில் வந்த அன்று
பிளக்கைக் கழற்றினேன்.
அரிசியை உள்ளே வைத்தேன். பருப்பு, கோதுமை மா,
துஷாந்தினியின் பிறப்புச் சான்றிதழ்,
அவளுடைய வெள்ளைச் சப்பாத்து,
வேலை போன கடிதம்.
எலி வராது, ஓட்டைத் தகரத்து மழை வராது,
லயத்திலேயே பத்திரமான அறை அதுதான்.
லோகேந்திரன் ஒருநாள் கதவைத் திறந்து நின்று
“இதுக்குள்ள நாமளும் இருந்துக்கலாம் போல” என்றார்.
அந்த மாதம் நாங்கள் சிரித்தது அப்போது மட்டும்.

தவணைக்கு வந்த பையன் கிரிஷாந்தன்,
பொகவந்தலாவைக்காரன்,
என் தம்பியோடு ஓ.எல். எழுதியவன்.
அவன் மோட்டார் சைக்கிள் வளைவில் திரும்பினால்
லயம் முழுக்க டீவி சத்தம் குறையும்.
நான் ஒளியவில்லை.
மூன்று வாரம் ஒளிந்து பார்த்தாயிற்று,
கொய்யா மரத்துக்குப் பின்னால் நின்று
என் கதவை இன்னொருத்தி கதவைப் போல.

“வாரம் ஐந்நூறு தர்றேன் தம்பி.”
“சிஸ்டம் எடுக்காது அக்கா.”
“சிஸ்டம் எங்க இருக்கு? நானே போய்ப் பேசுறேன்.”
அவன் போனைக் காட்டினான்.
திரை வெடித்திருந்தது.
அதுவும் தவணைதானாம்.

சனிக்கிழமை தூக்க வந்தார்கள்.
நாலு பேர் வர வேண்டும், மூன்று பேர்தான்.
லொறி கீழே பாலத்தடியில்,
மண் சரிந்த பாதை, நூற்றுப் பன்னிரண்டு படி.
நான் அரிசியைப் பேசினில் கொட்டிக்கொண்டிருந்தேன்.
வாசலில் நின்ற லோகேந்திரனைப் பார்த்து
அண்ணே ஒரு கை பிடிக்கிறீங்களா, கூலி இருக்கு என்றான்,
அது எங்கள் பெட்டி என்று தெரியாத ஒருவன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
சாரத்தை மடித்துக் கட்டி, குனிந்து,
கயிற்றைத் தோளில் வாங்கிக்கொண்டார்.
கிரிஷாந்தன் முன்னால் இறங்கிப்போய்ச்
சறுக்கும் படிகளை மட்டும் சொன்னான்.

ஆயிரத்து இருநூறு கொண்டுவந்தார்.
பெட்டியை விற்றுப் பார்த்து
மீதியைக் கடிதத்தில் சொல்வார்களாம்.
பெட்டி போயிருக்கிறது, கடன் போகவில்லை.

இரவு கணக்குக் கொப்பியில்
வரவு ஆயிரத்து இருநூறு என்று எழுதி,
எதனால் என்ற கோட்டுக்கு வந்ததும்
கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்திருந்தேன்.
அந்த ஷோரூம் பேனாதான், இன்னும் எழுதுகிறது.
பிரிட்ஜ் என்று போட்டேன்.

மூலையில் ஒரு சதுரம் மட்டும்
காய்ந்த சீமெந்தாகத் தெரிகிறது.
மகள் அதில் போய்ப் படுத்துக்கொண்டாள்.
அரிசியை எங்கே வைப்பதென்று
இன்னும் முடிவாகவில்லை.